டின் அட்டவணை: ஒரு பக்கப் பிரதியை வாசித்தல்

நாவலுக்கும் சினிமாவுக்கும் மட்டும்தான் விமர்சனம் எழுதணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே. ஒரு பக்கம்தான் நீளம், ஆசிரியர் பெயர் கிடையாது, கதை கிடையாது. ஆனா அதைத் தப்பா வாசிச்சா கால் உடையும். அப்படி ஒரு பிரதி எவ்வளவு நல்லா எழுதப்பட்டிருக்குன்னு பார்க்கிறதும் விமர்சனம்தான். இந்தப் பதிவுல நான் எடுத்துக்கிட்டது பனிச்சறுக்கு பைண்டிங்கை அட்ஜஸ்ட் பண்றதுக்கான அட்டவணை. பேச்சு வழக்குல 'டின் சார்ட்'. ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலையோட இதயப் பகுதி இது. ஆல்ப்ஸ்ல இருந்து வெர்மாண்ட் வரைக்கும் ஒவ்வொரு ஸ்கீ கடையிலயும் பட்டறை மேசைக்கு மேல ஒட்டியிருக்கும்.

பனியையே பார்க்காதவங்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். ஸ்கீங்கிறது நீளமான பலகை. கெட்டியான பிளாஸ்டிக் பூட்டை அதோட பிணைக்கிற கருவிதான் பைண்டிங். முன்னால விரல் பக்கம் ஒரு பாகம், பின்னால குதிகால் பக்கம் ஒரு பாகம். இதுக்கு இரண்டு வேலை, இரண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரானவை. ஓடும்போது பூட்டை விடவே கூடாது. விழும்போது விட்டே ஆகணும். முன்பாகம் பக்கவாட்டுல திறக்கும், கால் முறுக்கப்படும்போது. பின்பாகம் மேல்நோக்கித் திறக்கும், உடம்பு முன்னால சாயும்போது. எவ்வளவு விசைக்குத் திறக்கணும்ங்கிறதை உள்ளே இருக்கிற ஸ்பிரிங் முடிவு பண்ணும். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கணும்ங்கிறதை ஒரு திருகாணி முடிவு பண்ணும். திருகாணியை எங்க நிறுத்தணும்ங்கிறதைத்தான் நம்ம அட்டவணை சொல்லுது.

இந்த அட்டவணைக்கு முன்னாடி என்ன இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் இதோட அருமை புரியும். 1930களில் பிரபலமா இருந்தது கேபிள் பைண்டிங். சுவிட்சர்லாந்தின் கீடோ ரோஜ் வடிவமைச்சது, பெயர் 'கந்தஹார்'. (ஆமா, ஆப்கானிஸ்தான் கந்தஹார்தான். லார்டு ராபர்ட்ஸ் ஆஃப் கந்தஹார் பெயர்ல சுவிஸ்ல ஒரு பனிச்சறுக்குக் கோப்பை இருந்தது, அந்த வழியா வந்த பெயர். இதே ராபர்ட்ஸ் 1880களில் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியா இருந்தவர். சம்பந்தமே இல்லாத தகவல்தான், ஆனா விட மனசு வரல.) கேபிள் குதிகாலைச் சுத்தி இழுத்துப் பிடிக்கும். விழுந்தாலும் விடாது. கணுக்கால், கால் எலும்பு, ரெண்டுல ஒண்ணு போகும்.

யால்மார் வாம் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் குடியேறியவர், நல்ல பனிச்சறுக்கு வீரர். 1937இல் ஹூட் மலையில் காலை உடைச்சுக்கிட்டார். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தெளியும்போது யோசனை வந்ததுன்னு அவரே பிற்பாடு சொல்லியிருக்கார்: விழும்போது தானாக விடுகிற ஒரு முன்பாகம். 1939இல் 'சேஃப்-ஸ்கீ' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். போருக்குப் பிறகு பிரான்சில் லுக், ஜெர்மனியில் மார்க்கர் என்று வரிசையாக வந்தாங்க. பிரச்சினை என்னன்னா ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவுகோல். ஒருத்தரோட 4 இன்னொருத்தரோட 7. திருகாணியை எங்க நிறுத்துறதுன்னு கடைக்காரர் கண்ணளவுல பார்த்துச் சொல்லுவார். 'விடுவிக்கும்' பைண்டிங் வந்த பிறகும் கால்கள் உடைஞ்சுக்கிட்டே இருந்ததுக்கு இது ஒரு பெரிய காரணம்.

பதில் ஜெர்மனியில இருந்து வந்தது. மியூனிக்கின் எர்ன்ஸ்ட் அசாங் மாதிரி மருத்துவர்கள் ஒரு நேரடிக் கேள்வி கேட்டாங்க: மனுஷனோட கால் முன்னெலும்பு, அதாவது முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பு, எவ்வளவு முறுக்கைத் தாங்கும்? அந்த எல்லைக்குக் கீழே பைண்டிங் திறந்துட்டா எலும்பு பிழைக்கும். ஆரம்பத்துல ஜெர்மன் மொழி பேசுற நாடுகள்ல கடைக்காரர் ஒரு காலிப்பரை எடுத்து, முழங்காலுக்குக் கீழ் எலும்போட தலைப் பகுதியின் அகலத்தை அளந்து பைண்டிங்கை செட் பண்ணுவார். எலும்பு தடிமனா இருந்தா அதிக எண். அமெரிக்காவில் அதுக்குப் பதிலா உடல் எடையும் உயரமும் போதும்னு வச்சாங்க. இன்னிக்குப் பரவலா இருக்கிறது எடை முறைதான். டின் என்பது ஜெர்மன் தர நிர்ணய நிறுவனத்தோட சுருக்கப் பெயர். அந்தப் பெயர் அளவுகோல் மேல ஒட்டிக்கிச்சு. 'உன் டின் எவ்வளவு?'ன்னு கேட்டா எல்லாருக்கும் புரியும்.

சரி, இப்ப பிரதிக்குள்ள போவோம். இடப்பக்கம் எடை, அதுக்கு அடுத்து உயரம், ஒவ்வொரு வரிக்கும் ஏ-யில் தொடங்கி ஓர் எழுத்து. கீழே போகப் போக ஆள் பெரியவர். 70 கிலோ, 162 செ.மீ. இருக்கிற ஒருத்தரை எடுத்துக்குவோம். எடைப்படி பார்த்தா அவர் 67 முதல் 78 கிலோ வரைக்குமான 'கே' வரி. உயரப்படி பார்த்தா 158 முதல் 166 செ.மீ. வரைக்குமான 'ஜே' வரி. ரெண்டும் ஒத்துப்போகல. அட்டவணை என்ன சொல்லுது? மேலே இருக்கிற வரியை எடு. அதாவது சந்தேகம் வந்தா இளகலான பக்கம் போ. எடை கூடினதால எலும்பு கெட்டியாகிடாதுன்னு அதை எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த ஒரு விதிக்காகவே எனக்கு அவங்க மேல மரியாதை.

அடுத்து ஆளோட 'டைப்'. ஒண்ணாம் டைப்னா நிதானமா, மெதுவா, சாய்வு குறைவான இடத்துல ஓடுறவர், வரி மாறாது. ரெண்டாம் டைப் ஒரு வரி கீழே. மூணாம் டைப், வேகமும் செங்குத்துச் சரிவும் பிடிச்சவர், ரெண்டு வரி கீழே. 50 வயசு ஆயிட்டாலோ 9 வயசு அல்லது அதுக்குக் கீழே இருந்தாலோ ஒரு வரி மேலே. நம்ம ஆள் ரெண்டாம் டைப்னா ஜே-யில இருந்து கே-க்கு வருவார். கே வரியோட முறுக்கு அளவு 43 நியூட்டன் மீட்டர். அவருக்கே 52 வயசுன்னா திரும்ப ஜே, 37 நியூட்டன் மீட்டர். அவரே இளவட்டமா, மூணாம் டைப்னு சொல்லிக்கிட்டா எல் வரி, 50. ஒரே உடம்பு, ஒரே கால். பேப்பர்ல ஒரு டிக் மாறினதுக்கு 43, 50 ஆகுது.

கடைசியா வலப்பக்கம் போய் பூட்டோட அடிப்பாக நீளத்துக்கான பத்தியில அந்த வரி எங்க சந்திக்குதோ அந்த எண்ணை எடுக்கணும். அதுதான் திருகாணி பக்கத்துல இருக்கிற சின்ன ஜன்னல்ல தெரிய வேண்டிய எண். இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க (சிலேடை தானா வந்தது, மன்னிக்கவும்). பூட் சைஸ் வேற, அடிப்பாக நீளம் வேற. சைஸ் 26.5ன்னு இருக்கும், அது பாதத்தோட நீளம் செ.மீ.யில. அடிப்பாக நீளம் பூட்டோட குதிகால் பக்கவாட்டுல மில்லிமீட்டர்ல பொறிச்சிருக்கும், முந்நூறைச் சுத்தி ஓர் எண். இதைத்தான் எடுக்கணும்.

நீளம் ஏன் வேணும்? முறுக்கு என்பது விசையும் தூரமும் பெருக்கினது. கிணத்துல ராட்டினக் கைப்பிடி குட்டையா இருந்தா அதே வாளியை இழுக்க அதிகம் அழுத்தணும் இல்லையா? அதே கணக்கு. பூட் குட்டையா இருந்தா, அதே 43 நியூட்டன் மீட்டர் முறுக்குல திறக்க, முன்பாக ஸ்பிரிங் அதிகம் இறுகியிருக்கணும். அதனால ஒரே வரியில குட்டை பூட்டுக்கு எண் பெரிசு, நீள பூட்டுக்கு எண் சின்னது. இதுல இருந்து ஒரு விஷயம் தெளிவாகுது: ரெண்டு பேரோட டின் எண்ணை ஒப்பிடுறதுக்கு அர்த்தமே இல்ல. 'நான் 10ல ஓடுறேன், நீ 6தானா?'ன்னு பெருமை பேசுறவர், அடுத்தவரோட செருப்பு சைஸைக் கேலி பண்றார், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் பாராட்டு. இனி குறை.

முதல் குறை, அந்த டைப். அட்டவணையில எடை, உயரம், வயசு, நீளம் எல்லாம் அளக்கக்கூடியவை. டைப் மட்டும் ஆள் தானே தன்னைப் பத்திச் சொல்றது. கடைக்காரர் தேர்ந்தெடுக்கக் கூடாது. வாடிக்கையாளர்தான் டிக் பண்ணி கையெழுத்துப் போடணும். இதுக்கு ஒரு நியாயம் இருக்கு. இளகலா வச்சா தேவையில்லாம கழண்டு விழுற ஆபத்து, இறுக்கமா வச்சா விழும்போது கழலாத ஆபத்து. எந்த ஆபத்தை ஏத்துக்கிறதுன்னு முடிவு பண்ண வேண்டியவர் காலுக்குச் சொந்தக்காரர். ஒப்புக்கிறேன். ஆனா அந்த நியாயம் படிவத்துல எழுதியிருக்கா? பல வாடகைப் படிவங்கள்ல 'திறமை'ங்கிற தொனியிலதான் கேள்வி இருக்கு. புதியவர், நடுத்தரம், வல்லவர். புதுசா வாங்கின ஜாக்கெட்டோட வரிசையில நிக்கிற ஒருத்தர், பின்னால மச்சான் நிக்கும்போது, 'புதியவர்'ல டிக் பண்ணுவாரா? கேள்வியே தப்பு. 'கழண்டு விழுறது பயமா, கழலாம விழுறது பயமா?'ன்னு கேட்டிருக்கணும். தரநிலை கேக்குறது வேகம், சரிவு, ஓடுற விதம் பத்தி; படிவம் அதை கௌரவப் பிரச்சினை ஆக்கிடுது. கையெழுத்து வேற கீழே இருக்கு, அதனால பொறுப்பு முழுசா இந்தப் பக்கம் வந்துடுது.

ரெண்டாவது குறை இதைவிடப் பெருசு. ஆனா அது அட்டவணையோடது இல்ல, அட்டவணையைக் கத்தரிச்சவங்களோடது. இணையத்துல தேடினா டின் கால்குலேட்டர் ஏராளமா கிடைக்குது. எடை போடு, உயரம் போடு, பட்டனைத் தட்டு, 5.5ன்னு வந்துடும். ஸ்க்ரூ டிரைவரை எடு, திருப்பு, முடிஞ்சது. ஐஎஸ்ஓ 11088இன் தலைப்பையே பாருங்க: பொருத்துதல், சரிசெய்தல், சோதித்தல் மூணையும் பத்தினது அது. கால்குலேட்டர் எடுத்துக்கிட்டது நடுவுல இருக்கிற ஒண்ணோட ஒரு பகுதியை மட்டும். அந்த எண் ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்குன்னு சொல்லுது. பைண்டிங் உண்மையில எவ்வளவு முறுக்குக்குத் திறக்கும்னு அது சொல்லாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு உலகமே இருக்கு.

உதாரணத்துக்கு முன்னழுத்தம். பின்பாகம் ஒரு தண்டவாளத்துல முன்னும் பின்னும் நகரும். அது பூட்டை முன்பாகத்தை நோக்கி ஒரு குறிப்பிட்ட அளவு அழுத்திக்கிட்டு இருக்கணும். ஸ்கீ மேடு பள்ளத்துல வளையும்போது ரெண்டு பாகத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் குறையும். பின்பாகம் கொஞ்சம் பின்வாங்கி இடம் கொடுத்து, திரும்ப வந்து ஒட்டிக்கும். இந்த அழுத்தம் குறைவா இருந்தா பூட் ஆடும், எதிர்பாராம கழலும். அதிகமா இருந்தா பூட் இறுகி, முன்பாகம் பக்கவாட்டுல திறக்கிறது கஷ்டமாகும். இது சரியா இருக்கான்னு காட்ட ஒவ்வொரு மாடல்லயும் ஒரு அடையாளம் இருக்கும்: சிலதுல திருகாணியோட தலை கூட்டோட சமமா வரணும், சிலதுல ஒரு கோடு ஒரு ஜன்னலுக்குள்ள நிக்கணும். பூட் உள்ளே இருக்கும்போதுதான் இதைப் பார்க்கணும். நண்பரோட ஸ்கீயை ஒரு நாள் கடன் வாங்கி, டின் எண்ணை மட்டும் மாத்திட்டுக் கிளம்புறவங்க விடுற தப்பு இதுதான். எண் சரியா இருக்கும். பூட் நீளம் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். மத்ததெல்லாம் தப்பு.

அப்புறம் முன்பாகத்துக்கு அடியில பூட் உக்காருற வழவழப்பான தகடு. முறுக்கி விழும்போது பூட்டோட மூக்கு பக்கவாட்டுல வழுக்கி வெளியே போகணும், அதுவும் உடம்போட எடை அது மேல அழுத்திக்கிட்டு இருக்கும்போது. தகடு கீறியிருந்தா, மண் ஒட்டியிருந்தா, பூட்டோட அடிப்பாகம் கார் நிறுத்துற இடத்துல நடந்து நடந்து தேய்ஞ்சு பிசிறியிருந்தா, உராய்வு கூடும். ஸ்பிரிங் 5.5ல இருந்தாலும் பைண்டிங் அதைவிட இறுக்கமா நடந்துக்கும். இப்ப பூட் அடிப்பாகத்திலயே வகைகள் வேற வந்தாச்சு: பழைய தட்டையான ஆல்பைன் அடிப்பாகம் (ஐஎஸ்ஓ 5355), நடக்கத் தோதா ரப்பர் வச்ச கிரிப்வாக் (ஐஎஸ்ஓ 23223), மலையேற்றத்துக்கான டூரிங் அடிப்பாகம் (ஐஎஸ்ஓ 9523). பைண்டிங் எதை ஏத்துக்கும்னு அதுலயே எழுதியிருக்கும். 'டக்'னு சத்தம் வந்து மாட்டிக்கிச்சு, அதனால பொருந்திடுச்சுன்னு நினைக்கிறதுதான் ஆபத்து. மாட்டுறது சுலபம். கழலுமாங்கிறதுதான் கேள்வி.

இதையெல்லாம் சேர்த்துச் சோதிக்க ஒரே வழிதான்: பூட்டை மாட்டி, முறுக்கை அளக்கிற கருவியால உண்மையிலேயே கழட்டிப் பார்க்கிறது. இடப்பக்கம், வலப்பக்கம், முன்னால சாய்ச்சு. கே வரிக்கு முறுக்கு 43, முன்சாய்வு 165 நியூட்டன் மீட்டர். அளந்தது இதுக்குப் பக்கத்துல இருக்கான்னு பார்க்கணும். இல்லேன்னா காரணத்தைத் தேடணும். முழு அட்டவணையில இந்த நியூட்டன் மீட்டர் பத்திகள் இருக்கு. கால்குலேட்டர்கள்ல அதுதான் முதல்ல காணாம போச்சு. என்னைப் பொறுத்தவரை ஒரு கவிதையோட கடைசி அடியை வெட்டிட்டுப் பாடப்புத்தகத்துல போடுறதும் இதுவும் ஒண்ணு. வித்தியாசம், இங்க ஆஸ்பத்திரி செலவு உண்டு.

அப்ப வீட்டுல எதுவுமே செய்யக் கூடாதான்னு கேட்டா, அப்படிச் சொல்லல. பூட் அடியையும் அந்தத் தகட்டையும் துடைக்கலாம். எண் ஜன்னல்ல போன வருஷம் இருந்ததுதான் இருக்கா, நாலு இடத்துலயும் இருக்கான்னு பார்க்கலாம் (ரெண்டு ஸ்கீ, முன்பாகம் பின்பாகம், மொத்தம் நாலு, ஒண்ணை மறக்கிறவங்க உண்டு). முன்னழுத்த அடையாளம் சரியான இடத்துல நிக்குதான்னு பார்க்கலாம். திருகாணியில கை வைக்கிறதா இருந்தா போசி-3 ஸ்க்ரூ டிரைவர் வேணும், சாதாரண நட்சத்திர டிரைவர் தலையைத் தின்னுடும். எண்ணைக் குறைக்கிறது கூட ஒரு அவசரத்துக்குச் சரி. கூட்டுறதுதான் எனக்கு உறுத்தல். ரெண்டு தடவை எதிர்பாராம கழண்டுச்சுன்னா உடனே அரைச் சுத்து இறுக்குற பழக்கம் எல்லா நாட்டுலயும் இருக்கு. பல நேரம் கழண்டதுக்குக் காரணம் முன்னழுத்தமோ, பூட் அடியில ஒட்டின பனிக்கட்டியோ. அதைச் சரிபண்ணாம ஸ்பிரிங்கை இறுக்கினா, சும்மா கழலுறது நிக்காது. தேவையான நேரத்துல கழலுறது மட்டும் நின்னுடும்.

மூணாவது குறைதான் என்னை இந்தப் பதிவு எழுத வச்சது. அட்டவணை எதைப் பாதுகாக்குதுன்னு மேலே சொன்னேன்: கால் முன்னெலும்பை. முழங்காலை இல்ல. இந்த வரி எந்த சார்ட்லயும் பெரிய எழுத்துல இருந்து நான் பார்த்ததில்லை.

வெர்மாண்டில் பொறியாளர் கார்ல் எட்லிங்கர், எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜான்சன், ஜாஸ்பர் ஷீலி மூணு பேரும் 1972இல் தொடங்கி ஒரே மலையில் வந்த காயங்களைப் பல பத்தாண்டுகள் பதிவு பண்ணிக்கிட்டே வந்தாங்க. விழுந்தவங்களோட பைண்டிங்கையும் கையோட சோதிச்சாங்க. அவங்க கண்டதுல பாதி வெற்றிக் கதை. தரநிலையும் நல்ல பைண்டிங்கும் வந்த பிறகு கால் எலும்பு முறிவு பெருமளவு குறைஞ்சது. மீதிப் பாதி அப்படி இல்ல. எழுபதுகளோட கடைசியில இருந்து முழங்காலுக்குள்ள இருக்கிற முன் குறுக்கு நார், மருத்துவர்கள் ஏசிஎல்னு சொல்றது, கிழியுறது கூடிக்கிட்டே போச்சு. எலும்பு பிழைச்சது, நார் போச்சு.

ஏன்னு அவங்க விளக்கினதுக்கு 'மாயப் பாதம்'னு பெயர். பின்னால சாய்ஞ்சு விழுற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. இடுப்பு முழங்காலுக்குக் கீழே போயிடுச்சு, மேட்டுப்பக்கக் கை பின்னால, மேட்டுப்பக்க ஸ்கீயில எடையே இல்ல. மொத்த எடையும் பள்ளப்பக்க ஸ்கீயோட வால் பகுதியில, உள் விளிம்புல. மனுஷப் பாதம் முன்னால நீளும். இங்க குதிகாலுக்குப் பின்னால இன்னொரு பாதம் முளைச்ச மாதிரி ஸ்கீயோட வால் நெம்புகோலா மாறி, மடங்கின முழங்காலை உள்பக்கமா முறுக்குது. இதுல பைண்டிங் என்ன உணருது? முன்பாகம் பூட்டோட மூக்கு பக்கவாட்டுல தள்ளப்பட்டாத்தான் திறக்கும். விசை குதிகாலுக்குப் பக்கத்துல வந்தா மூக்குல பெருசா எதுவும் தெரியாது. பின்பாகம் முன்னால சாய்ஞ்சாத்தான் திறக்கும். இவர் பின்னால சாய்ஞ்சிருக்கார். நாலு திருகாணியும் மிகச் சரியா இருக்கலாம். முழங்கால் கிழியும், பைண்டிங் மூடியே இருக்கும். அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது, அதுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவுதான்.

இதுக்குத் திருகாணியில பதில் இல்லைன்னு புரிஞ்சுக்கிட்ட அந்த மூணு பேர் வேற வழியில போனாங்க. 1993–94 பருவத்துல 20 பனிச்சறுக்கு மையங்களோட ரோந்துப் பணியாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வீடியோ காட்டிப் பயிற்சி கொடுத்தாங்க: கைகளை முன்னால வை, இடுப்பை முழங்காலுக்கு மேல வை, விழ ஆரம்பிச்சதும் காலை நீட்டாதே, சறுக்கி நிக்கிற வரைக்கும் எழுந்திருக்க முயற்சி பண்ணாதே. பயிற்சி வாங்கினவங்க மத்தியில கடுமையான முழங்கால் காயம் 62 சதவீதம் குறைஞ்சதுன்னு 1995இல் எழுதினாங்க. சீட்டுக் குலுக்கிப் பிரிச்ச சோதனை இல்ல அது. பணியாளர்கள் பொதுமக்களும் இல்ல. அதனால 62ஐ அப்படியே நமக்குப் பொருத்திக்க முடியாது. ஆனா செலவு என்ன? ஒரு வீடியோ. பைண்டிங் கையேடுகள்ல இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? பின்பாகம் பக்கவாட்டுலயும் திறக்கிற பைண்டிங்கும் வந்திருக்கு, சந்தையில அது ஒரு ஓரமாத்தான் நிக்குது.

முழங்கால் விஷயத்துல இன்னொண்ணும் சொல்லணும். பொழுதுபோக்குக்கு ஸ்கீ ஓடுறவங்கள்ல ஏசிஎல் காயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். பல நாட்டு ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுது. அட்டவணையில ஆண் பெண்னு ஒரு பத்தி கிடையாது. பிரான்சில் மலை மருத்துவர்களோட சங்கம் இதை ஏத்துக்காம, அந்நாட்டுத் தர நிறுவனமான அஃப்னோர் வழியா ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியா, பொதுவா இன்னும் இளகலான எண்களோட ஒரு அட்டவணை கொண்டுவந்தது. எண்ணைக் குறைச்சா மாயப் பாதத்தை எவ்வளவு தடுக்கும்ங்கிறது வாதத்துக்குரியது; மேலே சொன்ன இயந்திரக் காரணத்தாலேயே எனக்கு அதுல சந்தேகம் உண்டு. ஆனா ஒரே ஒரு அட்டவணைதான் வானத்துல இருந்து வந்த மாதிரி நடந்துக்கிறவங்களுக்கு இது நல்ல பதில். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் வேற எண்.

சுவிட்சர்லாந்தில இருக்கிற நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அங்க பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு முகாம்னு பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போவாங்க; அப்பா அம்மா ஸ்கீயைத் தொட்டே இருக்க மாட்டாங்க, பிள்ளை ஓடும். படிவத்துல எடை உயரம் கேட்டா, போன வருஷம் எழுதினதை அப்படியே எழுதாதீங்க. அட்டவணையோட மேல் வரிகள் எவ்வளவு நெருக்கமா இருக்கு பாருங்க: 26 முதல் 30 கிலோ ஒரு வரி, 31 முதல் 35 அடுத்த வரி. ஒரு வருஷத்துல ஒரு பிள்ளை ஒரு வரி தாண்டிடும். அக்காவோட ஸ்கீயைத் தங்கச்சிக்குக் கொடுக்கும்போதும் இதேதான். பிள்ளையோட திறமையைக் கூட்டிச் சொல்லாதீங்க, பெருமைக்கு வேற இடம் இருக்கு. அந்நாட்டு விபத்துத் தடுப்பு அமைப்பான பிஎஃப்யூ வருஷத்துக்கு ஒரு தடவை பைண்டிங்கைக் கருவியில சோதிக்கச் சொல்லுது. சோதிச்சதும் கடையில ஸ்கீ மேல ஒரு வில்லை ஒட்டிக் கொடுப்பாங்க. வண்டிக்கு எஃப்.சி. வாங்குற மாதிரிதான்.

கடைசியா, பழைய ஸ்கீ. தெருவோரச் சந்தையில அழகான பழைய ஜோடி மலிவா கிடைக்கும். கடைக்குக் கொண்டு போனா 'இதுல கை வைக்க மாட்டோம்'னு திருப்பி அனுப்புவாங்க. கோபம் வரும். அமெரிக்காவில் இதுக்கு வெளிப்படையான ஒரு ஏற்பாடே இருக்கு: ஒவ்வொரு கம்பெனியும் எந்தெந்த மாடலுக்குத் தான் பின்னால நிக்கும்னு வருஷா வருஷம் பட்டியல் வெளியிடும். பட்டியல்ல இல்லாத பைண்டிங்கை அட்ஜஸ்ட் பண்ணி ஏதாவது ஆச்சுன்னா வழக்குல கடைக்காரர் தனியா நிக்கணும். இதுல வியாபாரமும் கலந்திருக்கு, மறுக்கல. அதே சமயம் பிளாஸ்டிக் வருஷக்கணக்குல மொறுமொறுன்னு ஆகிறதும், உள்ளே இருக்கிற கிரீஸ் காய்ஞ்சு போறதும் உண்மை. ஜன்னல்ல எண் அழகா 5.5ன்னு தெரியும், ஸ்பிரிங் சொன்ன பேச்சைக் கேக்குமான்னு அந்த எண்ணுக்கே தெரியாது. கடைக்காரர்கிட்ட சண்டை போடாம, கருவியில ஒரு தடவை அளந்து மட்டும் காட்டுங்கன்னு கேட்டுப் பாருங்க. அதுக்கும் மாட்டேன்னா சுவத்துல மாட்டிடுங்க. குறுக்கா வச்சா நல்லா இருக்கும்.